மரக்கால் யார் கையில்?

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



'உழைப்பும் மதிப்பீடும்' என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். பொருளாதாரம் படித்த ஒருவரைக் கூப்பிட்டிருந்தால் உபரி மதிப்பு, உழைப்புச் சக்தி என்று ஒழுங்காகப் பேசியிருப்பார். நான் வங்கியில் எழுத்தர். கவிதை எழுதுகிறவன். எனக்குச் சொல்லிலிருந்துதான் ஆரம்பிக்கத் தெரியும்.

வேலைக்குக் கொடுக்கிற காசுக்குத் தமிழில் எத்தனை பேர் இருக்குன்னு எண்ணிப் பாருங்க. கோயிலில் மந்திரம் சொன்னவருக்குக் கொடுப்பது தட்சிணை. சபாவில் பாடினவருக்குச் சன்மானம். டாக்டருக்கும் வக்கீலுக்கும் ஃபீஸ். எனக்குச் சம்பளம். களை எடுத்த பெண்ணுக்குக் கூலி. சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பறையடித்தவருக்கு, ஊர்த் தோட்டியாகவும் வெட்டியானாகவும் பாடுபட்டவருக்கு? படி. பழைய சோறு. அறுவடையில் களத்துமேட்டில் கடைசியாக ஒதுக்கிவிடுகிற பதர் கலந்த நெல். அதுக்குச் 'சுதந்திரம்' என்று ஒரு பேர் இருந்தது, தெரியுமா? ஊர் ஊழியக்காரர்களுக்கு வழக்கப்படி அளக்கிற தானியப் பங்குக்குப் பேர் சுதந்திரம். 1947இல் வந்தது எந்தச் சுதந்திரம் என்று எனக்கு அடிக்கடி சந்தேகம் வரும்.

பெயர்ச்சொல்லை விடுங்க, வினைச்சொல்லைப் பாருங்க. தட்சிணையை வெற்றிலைத் தட்டில் 'வைக்கிறோம்', குனிந்து. சன்மானத்தை 'வழங்குகிறோம்', மேடையில் ஏற்றி. கூலியை 'அளக்கிறார்கள்'. சோற்றைப் 'போடுகிறார்கள்', மேலிருந்து கீழே. மந்திரம் சொன்னவர் சரியாகச் சொன்னாரா, நடுவில் நாலு வரியை விழுங்கினாரா என்று கேட்டவர் உண்டா? கிடையாது. கேட்கிறவனுக்கு அந்த மொழியே தெரியாது. அங்கே வேலை சோதிக்கப்படுவதில்லை, ஆள் மதிக்கப்படுகிறார். நடவு நட்ட பெண்ணிடம் வந்தால் முடிக்கு முடி இடைவெளி பார்க்கிறார்கள், வரப்பில் நின்று எண்ணுகிறார்கள். வேலை அங்குலம் அங்குலமாகச் சோதிக்கப்படுகிறது. ஆளுக்கு மதிப்புக் கிடையாது.

அண்ணல் அம்பேத்கர் 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, மாநாடே ரத்தானதால் தாமே அச்சிட்டு வெளியிட்ட உரையில் இதன் அடிப்படையைச் சொல்லிவிட்டார். சாதி வேலைகளை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து ஒருவர்மேல் ஒருவராக அடுக்கியிருக்கிறது என்றார். அதோடு நான் சேர்க்க விரும்புவது ஒன்றுதான். அடுக்கில் கீழே இறங்க இறங்கக் கூலி மட்டும் குறையவில்லை, அளக்கிற முறையே வேறாகிறது. மேலே ஆளை அளக்கிறார்கள், நடுவில் பட்டத்தை அளக்கிறார்கள், கீழே நேரத்தையும் தரையையும் குழியையும் அளக்கிறார்கள்.

எங்க ஆயா கீழத்தஞ்சையில் நடவுக்குப் போனவள். "வாங்குற மரக்கா வேற, குடுக்குற மரக்கா வேற" என்பாள். குத்தகை நெல் வாங்கும்போது ஒரு மரக்கால். கூலி அளக்கும்போது அடிப்பலகையை உயர்த்தின இன்னொரு மரக்கால். அப்புறம் கை இருக்கிறது. வாங்கும்போது குவித்து அளக்கிற கை, கொடுக்கும்போது தலை வழிக்கிற கை. மரக்கால் மரமும் இரும்பும் சேர்ந்த ஒரு பொருள், அதுக்கென்ன சாதி என்றுதான் நினைப்போம்.

அந்த மண்ணில்தான் 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததும் அவர்கள் செய்த குற்றம். 1969இல் நியாயக் கூலிச் சட்டம் கொண்டுவந்தார்கள். நியாயக் கூலி என்று ஒன்று உண்டு என ஒப்புக்கொள்ள 44 பிணம் வேண்டியிருந்தது. பிறகு 1970களில் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்: நிலமும் காரும் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை. மதிப்பீடு களத்துமேட்டோடு நிற்கிற சமாச்சாரம் இல்லை என்பதற்காகச் சொன்னேன். சாட்சிக் கூண்டு வரைக்கும் அதே மரக்கால்தான் வருகிறது.

சரி, அது பண்ணை, நிலப்பிரபுத்துவம், பழைய கதை என்பீர்கள். நான் வேலை பார்க்கிற துறைக்கு வாங்க. குளிர்சாதனம், கணினி, எல்லாம் இருக்கு. வங்கி ஊழியர்களுக்கு 1966இலிருந்து இருதரப்பு ஒப்பந்தங்கள் போட்டு வருகிறார்கள். பகுதிநேரமாகக் கூட்டிப் பெருக்குகிறவர்களுக்கு அதில் வந்த கணக்கு இது. வாரத்துக்கு 6 மணிக்கு மேல் 13 மணி வரை வேலை என்றால் ஸ்கேல் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. 19 மணி வரை பாதி. 29 மணி வரை முக்கால். அதற்கு மேல் முழுசு. இதுவும் சங்கம் போராடி வாங்கினதுதான், அதைக் குறைத்துப் பேசவில்லை. இதுகூட இல்லாமல் இன்றைக்கு ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறவர்கள் நிலைமை இன்னும் மோசம். ஆனால் ஒன்று கேட்கணும். ஒரு கிளையில் மேலாளர், அதிகாரி, எழுத்தர், காசாளர் எல்லாரும் முழு மனிதர்கள். துடைப்பம் பிடித்தவர் மட்டும் மூன்றில் ஒரு மனிதர் எப்படி ஆனார்? அந்த மணிக்கணக்கை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? பெரும்பாலும் தரைப் பரப்பை வைத்து. இத்தனை சதுர அடி, இத்தனை மணி. அந்தச் சதுர அடியை எத்தனை பேர் மிதிக்கிறார்கள், கழிப்பறையில் தண்ணீர் வருதா, அடைப்பை எதை விட்டுக் குத்துகிறார், அதெல்லாம் எந்தப் பத்தியிலும் இல்லை.

அதே கிளையில் ஒரு மூலையில் நகை மதிப்பீட்டாளர் உட்கார்ந்திருப்பார். சின்ன ஊர்க் கிளைகளில் நகைக்கடன்தான் பெரிய வியாபாரம், அதற்கு இவர் வார்த்தைதான் ஆதாரம். உரைகல்லில் நகையை ஒரு இழை இழைப்பார். பக்கத்திலேயே மாற்றுத் தெரிந்த ஆணியை ஒரு இழை. ரெண்டு கோட்டின் மேலும் அமிலத்தைத் தொட்டு வைத்து, எது நிற்குது, எது கரையுது என்று பார்த்து மாற்றுச் சொல்வார். நான் பார்த்ததிலேயே நேர்மையான மதிப்பீடு இதுதான். ஏன்னா, எதோடு ஒப்பிடுகிறார் என்பது கண்ணுக்கு முன்னால் இருக்கு. ஆணியைக் காட்டாமல் அவர் மாற்றுச் சொல்ல முடியாது. (அவர் நிலைமையும் சொல்லிவிடுகிறேன். பல வங்கிகளில் அவர் ஊழியர் இல்லை. கடனுக்கு இவ்வளவு என்று கமிஷன், அதையும் அடகு வைக்க வந்தவரிடமிருந்தே பிடிக்கிறார்கள். பின்னால் நகை போலி என்று தெரிந்தால் பொறுப்பு மட்டும் முழுசாக அவருக்கு.)

நம்மை மதிப்பிடுகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியது இந்த ஆணியைத்தான். எதோடு ஒப்பிட்டுச் சொல்றே?

'திறன்' என்ற சொல்லை எடுங்க. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948இல் வந்தது. அரசாணைகளில் தொழிலாளர்களைத் திறன்மிக்கவர், ஓரளவு திறன் உள்ளவர், திறனற்றவர் என்று தரம் பிரிப்பார்கள். 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் இதே பிரிவினையைத்தான் எடுத்துக்கொண்டது. நாற்றுப் பறிக்கிற, நடுகிற, அறுக்கிற வேலை பொதுவாகத் திறனற்ற வேலைப் பட்டியலில்தான் விழும். இங்கே இருக்கிற மாணவர்களில் யார் போய் வேர் அறாமல் ஒரு கட்டு நாற்றுப் பறிக்க முடியும்? ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு எத்தனை நாள் ஊறினால் தோல் பதப்படும், பறையை எவ்வளவு நெருப்பில் காய்ச்சினால் சுதி ஏறும் என்ற அறிவு ஒரு சாதியின் கையில் இருந்தவரைக்கும் அது தீட்டு. அதே தோல் வேலைக்குப் பி.டெக். பட்டம் வைத்ததும் தொழில்நுட்பம். வேலை மாறவில்லை, செய்கிறவர் மாறினார்.

பெண்களுக்கு இதிலே இன்னொரு கண்ணி. 1976இல் சம ஊதியச் சட்டம் வந்தது. ஒரே வேலைக்கும் ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக் கூலி. கேட்க நல்லாத்தான் இருந்தது. வயலில் ஏர் ஓட்டுவது ஆண், நடவும் களையும் பெண். 'ஒத்த வேலை' என்று ஒப்பிட அங்கே எதிரில் ஆளே இல்லை. நாள் முழுக்க சேற்றில் குனிந்து நிற்பதும் கலப்பை பிடிப்பதும் ஒத்த தன்மையுள்ளதா என்று எந்த அதிகாரி வந்து வரப்பில் நின்று பார்த்தார்? ஆணி இல்லாத உரைகல்லைச் சட்டம் கொடுத்துவிட்டுப் போனது.

வேலையை விட்டுவிட்டு, மனிதருக்கு என்ன வேணும் என்பதிலிருந்து கூலியைக் கணக்குப் போட ஒரு முயற்சி நடந்தது. 1957இல் 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு. ஒரு தொழிலாளி குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகு. ஆளுக்கு 2700 கலோரி. குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கெஜம் துணி. வாடகை. விறகு, விளக்கு, இதர செலவுக்கு 20 சதவீதம். 1991இல் உச்சநீதிமன்றம் ரெப்டகாஸ் பிரெட் வழக்கில் படிப்பு, வைத்தியம், முதுமை, கல்யாணம் இதற்கெல்லாம் 25 சதவீதம் கூடச் சேர்க்கச் சொன்னது. நான் மதிக்கிற கணக்கு இது. மதித்துக்கொண்டே உள்ளே பார்க்கணும். மூன்று அலகு எப்படி? கணவன் ஒன்று, மனைவி 0.8, பிள்ளைகள் ஆளுக்கு 0.6. இடுப்பொடிய நட்டுவிட்டு வந்து அடுப்பும் மூட்டுகிறவள் 0.8. அந்த 2700 கலோரி யாருக்கு? நம்ம குன்னூரில் இருந்த உணவூட்ட ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த டாக்டர் அய்க்ராய்டின் பரிந்துரை அது. மிதமான உழைப்புச் செய்கிற சராசரி இந்தியருக்கு. மிதமான உழைப்பு! மூட்டை தூக்குகிறவனுக்கும் கல் உடைக்கிறவளுக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை.

இப்ப மலக்குழிக்கு வருவோம். பேசப் பிடிக்காது, பேசாமல் விடவும் முடியாது. ஆள்நுழைக் குழியில் இறங்குகிறவர் முதலில் மூடியைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறார். வாடை பார்க்கிறார். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிறார். எந்தப் பக்கம் அடைப்பு, எந்தப் பக்கம் உடைத்தால் தண்ணீர் எவ்வளவு வேகத்தில் அடிக்கும் என்று இருட்டில் கையால் தடவிக் கணக்குப் போடுகிறார். இந்தக் கணக்கு தப்பினால் உயிர் போச்சு. இத்தனையும் திறனற்ற வேலை. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். 2014 மார்ச் 27 அன்று உச்சநீதிமன்றம், 1993இலிருந்து சாக்கடையில் செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடு என்றது. 2023 அக்டோபர் 20 அன்று அது 30 லட்சமானது. நீதிமன்றத்தைக் குறை சொல்லவில்லை. அந்தக் காசுக்காக அலைகிற குடும்பங்களோடு நமது தோழர்கள் அலைந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. உயிரோடு இருந்த நாளில் அவரை மதிப்பிட ஒரு படிவம் கிடையாது, ஒரு வருகைப் பதிவேடு கிடையாது, அவர் நம்மிடம் வேலை பார்த்தவரே இல்லை என்று ஒப்பந்தக்காரர் கைவிரிக்கிறார். செத்த பிறகு முதல் தடவையாக அவருக்கு ஒரு மதிப்பு எழுதப்படுகிறது.

படித்து அரசு வேலைக்கு வந்தவர்கள் தப்பித்துவிட்டார்களா? அங்கே மரக்காலுக்குப் பேர் இரகசிய அறிக்கை. சி.ஆர். என்று சொல்வார்கள். ஒவ்வொரு வருஷமும் மேலதிகாரி உங்களைப் பற்றி எழுதி, உறையில் போட்டு ஒட்டிவிடுவார். மோசமாக எழுதினால்தான் உங்களுக்குச் சொல்வார்கள். எல்லை சாலைப் பொறியியல் பணியில் இருந்த தேவ் தத் என்பவரின் வழக்கைச் சட்டம் படிக்கிறவர்கள் அவசியம் படிக்கணும். அவருக்கு ஒரு வருஷம் 'நன்று' என்று எழுதியிருந்தார்கள். நல்லதுதானே? பதவி உயர்வுக்கு ஐந்து வருஷமும் 'மிக நன்று' இருக்க வேண்டும் என்பது விதி. ஆக, அந்த 'நன்று' அவரைக் கொன்றுவிட்டது. அது அவருக்குத் தெரியவும் தெரியாது. 2008இல் உச்சநீதிமன்றம், எந்தக் குறிப்பாக இருந்தாலும் ஊழியருக்குத் தெரிவிக்கணும் என்றது. 2009இல் மத்திய அரசு அறிக்கை முழுவதையும் காட்டச் சொல்லி ஆணை போட்டது. அதற்கு முன்னால் எத்தனை தலித் ஊழியர்கள் 'நன்று' வாங்கியே ஓய்வு பெற்றிருப்பார்கள்! சாதிப் பேர் சொல்லித் திட்ட வேண்டிய அவசியமே இல்லை. பாராட்டியே முடித்துவிடலாம். என் நண்பர் ஒருவர், வேறொரு அலுவலகம், தன் அறிக்கைகளை வாங்கிப் பார்த்தார். நாலு வருஷமும் ஒரே மாதிரி: பணிவானவர், கடின உழைப்பாளி, நேரத்துக்கு வருபவர். கூட இருந்தவருக்கு: சுயமாக முடிவெடுப்பவர், தலைமைப் பண்பு உள்ளவர். ஒருவருக்குப் பண்ணையாளுக்குக் கொடுக்கிற சான்றிதழ், இன்னொருவருக்குப் பண்ணையாருக்குக் கொடுப்பது.

'தகுதி, திறமை' என்று ஊளையிடுகிறவர்களுக்கு ஒரு தகவல். 1996இல் வினோத்குமார் வழக்குத் தீர்ப்பைக் காட்டி, பதவி உயர்வுத் தேர்வுகளில் எஸ்.சி., எஸ்.டி. ஊழியர்களுக்கு இருந்த சலுகைகளை 1997இல் திரும்பப் பெற்றார்கள். அதை மீட்க 2000இல் அரசியல் சட்டத்தை 82ஆவது முறையாகத் திருத்தவேண்டி வந்தது. மதிப்பீட்டுத் தரம் என்ற சொல்லே அந்தத் திருத்தத்தால் 335ஆவது பிரிவுக்குள் ஏறியது. சரி, இடஒதுக்கீட்டால் திறமை கெட்டதா? அஷ்வினி தேஷ்பாண்டேயும் தாமஸ் வைஸ்காஃபும் இந்திய ரயில்வேயின் 1980 முதல் 2002 வரைக்குமான கணக்குகளை எடுத்து ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். எஸ்.சி., எஸ்.டி. ஊழியர்கள் அதிகமானதால் உற்பத்தித் திறன் குறைந்தது என்பதற்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. மேல்மட்டப் பதவிகளில் நல்ல விளைவு தெரிந்ததாகவே சொன்னார்கள். கோடிக்கணக்கான பேர் ஏறி இறங்குகிற ரயிலை ஓட்டிக் காட்டிய பிறகும் நாம் தகுதியை நிரூபித்துக்கொண்டே இருக்கிறோம்.

இலக்கியத்திலும் இதே கூத்துதான், சுருக்கமாகச் சொல்கிறேன். 1991இல் அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தலித் எழுத்து அலையாக வந்தது. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது இது நாவலா, தன்வரலாறா என்றார்கள், மொழி கொச்சை என்றார்கள். 'கோபம் இருக்கிறது, கலை இல்லை' என்கிற வாக்கியத்தை அச்சடித்தே வைத்திருந்தார்கள். என் கவிதைக்கும் அதுதான் வந்தது, நான் பொருட்படுத்தவில்லை. எந்த ஆணியைக் கொண்டு உரசினீங்கன்னு கேட்டால் 'அழகியல்' என்பார்கள். யார் வீட்டு அழகியல்? பதில் வராது.

இப்ப கொஞ்சம் கசப்பான பகுதி. ரெமா ஹன்னாவும் லே லிண்டனும் இந்தியாவில் ஒரு சோதனை நடத்தி 2012இல் வெளியிட்டார்கள். மாணவர்களுக்குத் தேர்வு வைத்து, விடைத்தாள் முகப்பில் சாதியைக் குலுக்கல் முறையில் மாற்றி எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். தாழ்ந்த சாதி என்று எழுதியிருந்த தாளுக்கு மார்க் குறைந்தது. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் இருந்தது. கட்டில் ஆரம்பத்தில் திருத்தின தாள்களில் அது அதிகம். அதாவது, அளவுகோல் கைக்குப் பிடிபடாத நேரத்தில் சாதியை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள். இதுவரைக்கும் நாம எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது: அப்படிக் குறைத்துப் போட்டவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்டதாகச் சொல்லப்படும் சாதிகளிலிருந்து வந்த ஆசிரியர்களே. இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எதிரி வந்து படிக்கும் முன்னால் இதை நாமே நம்ம பத்திரிகையில் எழுதணும். மரக்கால் வெளியே மட்டும் இல்லை. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தபோது நம்மில் பலருக்குக் கோபம். சேரிக்கே துணி வெளுத்துவிட்டு ராச்சோற்றுக்கு வாசல் வாசலாக நிற்கிற புதிரை வண்ணார் பெண்ணின் கதை. கூலியை அளந்தது ஊர் இல்லை, நாம். எதிரிக்கு ஆயுதம் கொடுக்கிற நாவல் என்று சொன்னவர்கள் உண்டு. அந்தப் பெண்ணுக்கு நாம அளந்தது சரியான மரக்காலா என்று கேட்டவர்கள் குறைவு. 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு வந்தபோதும், 2024இல் உச்சநீதிமன்றம் உட்பிரிவு செல்லும் என்றபோதும் நம்ம கூட்டங்களில் கேட்ட சில வார்த்தைகள், 'அவங்களுக்குத் தகுதி' என்று ஆரம்பித்தவை, நமக்கு எதிராக அக்கிரகாரம் சொன்ன அதே வார்த்தைகள். உள்ஒதுக்கீட்டில் மாற்றுக் கருத்து இருக்கலாம். அந்தச் சொல் நம்ம வாயில் வரலாமா?

இயக்க வேலைக்கும் ஒரு மதிப்பீடு இருக்கிறதே. மேடையில் பேசினவர் பேர் துண்டறிக்கையில் வரும். ராத்திரி பசை வாளி தூக்கினவன் பேர்? ஊர்வலத்துக்கு நாற்பது பேருக்குச் சோறு பொங்கின பெண் தோழர்களின் பேர்? இன்றைக்கு நான் நாற்பது நிமிஷம் பேசுகிறேன், நாற்காலி போட்ட தம்பி காலையிலிருந்து நிற்கிறான். அடுத்த இதழில் உரை என் பேரில்தான் வரும். ஆசிரியர் குழு இதைக் கவனிக்கணும்.

செய்ய வேண்டியதாக ரெண்டு விஷயம் சொல்லி முடிக்கிறேன். வேலையில் இருக்கிற தோழர்கள் உங்கள் ஆண்டறிக்கையைக் கேட்டு வாங்குங்க. 'மிக நன்று' எழுதியிருந்தாலும் வாங்குங்க. எந்த வார்த்தையால் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கணும். கூட வேலை பார்க்கிறவர் சம்மதித்தால் அவருடையதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஆணி அங்கேதான் இருக்கு. மாணவர்கள், மார்க் குறைந்தது என்று அழுதுவிட்டு விடாதீங்க. திருத்தின விடைத்தாள் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் வரும் தகவல்தான், மாணவர் கேட்டால் காட்டணும் என்று 2011இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாதிரி மனு முப்பது பிரதி எடுத்து வந்திருக்கிறேன். தேவைப்படுகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வாங்க, இங்கேயே உட்கார்ந்து எழுதுவோம்.